ஆறடி தள்ளி நடந்த என் நிச்சயதார்த்தம்

நாலு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்கு ஒரு வியாதி வரும். பார்க்கிறதையெல்லாம் திருத்தச் சொல்லும். பஸ்ஸில் ஏறுகிறவர்களை வரிசையில் நிற்கச் சொல்வான். டீக்கடையில் கிளாஸ் கழுவுவதை உற்றுப் பார்ப்பான். ‘அங்கேயெல்லாம்’ என்று ஆரம்பிக்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டான். பொதுவாக ஒரு மாதத்தில் தெளிந்துவிடும். எனக்கு அந்த வியாதி, உலகத்துக்கே வேறொரு வியாதி வந்திருந்த வருஷத்தில் வந்தது. இரண்டும் சேர்ந்து முற்றிவிட்டது.

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எனக்கு ‘சேஃப்டி’ வேலை. ஹெல்மெட் போடாதவனைப் பார்த்து ஹெல்மெட் போடு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். (அதற்குச் சம்பளம் உண்டு என்பதை அப்பா கடைசிவரை நம்பவில்லை.) கொரோனா வந்ததும் ஹெல்மெட்டோடு மாஸ்க்கும் இரண்டு மீட்டரும் என் பொறுப்பில் சேர்ந்தன. தரையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஸ்டிக்கரை விட்டு நகர்ந்தவன் பெயரை நோட்டில் எழுதினேன். சாப்பாட்டு வரிசையில் என்னைப் பார்த்ததும் ஆட்கள் தானாக விலகி நின்றார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஊரில் அம்மா எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தாள். சேவுகம்பட்டியில் அபிராமி என்று ஒரு பெண். கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்திருந்தாள். அவள் அப்பா பெருமாள்சாமி தக்காளியும் வெங்காயமும் போடுகிறவர். நான் அவளைப் போட்டோவில் பார்த்தேன், போனில் பேசினேன், பிடித்துப்போனது. சித்திரையில் நிச்சயம் என்றார்கள். சித்திரையில் விமானமே பறக்கவில்லை. வைகாசியும் போயிற்று. ஆனியில் ஒரு சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்து, திருச்சியில் வந்து இறங்கினேன். அங்கே ஒரு கல்லூரி விடுதியில் ஏழு நாள் வைத்திருந்தார்கள். பிறகு கையில் ஒரு முத்திரை குத்தி, பதினாலு நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லி, திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊரான அகரத்துக்கு அனுப்பினார்கள்.

நான் வீடு வந்து சேர்ந்த மத்தியானமே பேரூராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். என் பெயர், எத்தனை பேர் வீட்டில், எந்தத் தேதிவரை என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. அவர் தெரு திரும்புவதற்குள் அப்பா அதன்மேல் முருகன் படம் போட்ட பெரிய தினசரி காலண்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். கல்யாணம் பேசிவைத்திருக்கிற வீட்டில் நோட்டீஸ் தொங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் வாதம். நான் மாடி அறையிலிருந்து சத்தம் போட்டேன். நோட்டீஸைக் கிழிக்கவில்லையே, மறைத்துத்தானே வைத்திருக்கிறேன் என்றார். முருகனை எடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

மாடி அறைக்கு வெளியிலேயே தனிப் படிக்கட்டு. அம்மா சாப்பாட்டை மூன்றாம் படியில் வைத்துவிட்டுப் போவாள். அவள் போன பிறகு நான் இறங்கி எடுப்பேன். இந்த ஏற்பாடு எனக்குத் திருப்தியாக இருந்தது. ஊர்தான் திருப்தியாக இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே தெருவில் பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மஸ்கட்காரனைப் பார்க்க வந்தவர்கள். ஒருத்தர் தோளில் ஒருத்தர் கைபோட்டு, ஒரு பெண் அடுத்தவளின் இடுப்பில் இருந்த குழந்தையைக் கிள்ளிக்கொண்டு, பேருக்கு ஒருத்தர் மூக்கில்கூட மாஸ்க் இல்லாமல். எனக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஞாபகம் வந்துவிட்டது. தள்ளி நில்லுங்கள், ஆளுக்கு ஆள் ஆறடி வேண்டும் என்று கத்தினேன். அவர்கள் குழப்பமாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு மொத்தக் கூட்டமும் ஒட்டியபடியே நாலு எட்டு பின்னால் போய் நின்றது.

“தள்ளித்தான அப்பு நிக்கிறோம்,” என்றார் பக்கத்து வீட்டுக் குமாரசாமி மாமா. “நீதான் மேல இருக்கியே.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊர் விதியை மீறவில்லை. ஊருக்கு விதி வேறு. இடைவெளி என்பது வெளியாளிடம் விடவேண்டியது. சொந்தத்தில் எதற்கு இடைவெளி? மாமன் மச்சானைத் தள்ளி நிற்கச் சொன்னால் அது சுகாதாரம் இல்லை, சண்டை. அந்தக் கணக்குப்படி அகரத்தில் மொத்தமே ஒரே ஒரு வெளியாள்தான் இருந்தான். அவன் மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

சரி, உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியவில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்டேன். சிங்கப்பூரில் இருக்கும் செல்வராணி அக்கா, ஒரு மீட்டர் போதும், அதற்கு மேல் விடுவது இடத்துக்குக் கேடு என்று எழுதினாள். பர்மிங்காமில் இருக்கும் பெரியப்பா மகன் பிரபு அண்ணன், இரண்டு மீட்டருக்கு ஒரு அங்குலம் குறைந்தாலும் குழுவை விட்டு விலகுவேன் என்றார். ஒரு மீட்டரா இரண்டு மீட்டரா என்று இருவரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். அக்கா தன் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் போட்டோ எடுத்து, அதன் அடியில்தான் ஒரு மீட்டர் என்று எழுதியிருந்தாள். நான் நடுவில் புகுந்து ஆறடி என்று தீர்ப்புச் சொன்னேன். நல்ல காரியம் பேசுகிற வீட்டில் ஆறடி என்ற வார்த்தையை எடுக்காதே, அது சுடுகாட்டுக் கணக்கு என்று அம்மா குரல் செய்தி அனுப்பினாள். கீழ் வீட்டிலிருந்துதான்.

நிச்சயத்துக்கு வருகிறேன்.

ஆனி முடிவதற்குள் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம் இருந்தது. அதை விட்டால் ஆடி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிற்று, மூன்றாம் முறையும் தள்ளினால் அபசகுனம் என்று பெண் வீட்டில் பேச்சு எழுந்துவிட்டதாம். குறிப்பாக அபிராமியின் தாய்மாமன் தவமணி, மாப்பிள்ளைக்கு மனசு இருக்கா இல்லையா என்று கேட்டுவிட்டாராம். நான் விரல்விட்டு எண்ணினேன். வீட்டுக்கு வந்த நாளை ஒன்று என்று வைத்தால், முகூர்த்தத்துக்கு முந்தின நாளோடு பதினாலு. சரியாக வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு முறை எண்ணினேன். அதே இடத்தில் ஆரம்பித்தேன், அதே இடத்தில் முடிந்தது. (எனக்கு வேண்டிய தேதி எதுவென்று தெரிந்துகொண்டு எண்ணினால் எப்படி எண்ணினாலும் சரியாகத்தான் வரும் என்பது இப்போது தெரிகிறது.) கதவில் எழுதியிருக்கிற தேதியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது முருகனுக்குப் பின்னால் இருந்தது.

பெருமாள்சாமி மாமாவுக்குப் பதினோரு நிமிஷத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அரசு சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆள் கூடாது. உள்ளே வருகிற எல்லோருக்கும் சானிடைசர். எல்லோருக்கும் மாஸ்க். ஆறடி இடைவெளி கட்டாயம். அவர் பதிலுக்கு ஒரே வரி அனுப்பினார்: “எல்லாம் நீங்க சொன்னபடி, மாப்ள.” இப்படியல்லவா மாமனார் அமைய வேண்டும் என்று உருகிப்போனேன்.

அன்று காலை எங்கள் வீட்டார் வேனில் போனார்கள். நான் வேனில் ஏறவில்லை. பட்டு வேட்டி சட்டை, இரட்டை மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மூடும் கண்ணாடித் தகடு, கையில் ரப்பர் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, அப்பாவின் பைக்கில் வேனுக்குப் பின்னால் தனியாகப் போனேன். வத்தலக்குண்டு ரோட்டில் காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தத் தகடு நெற்றிக்கு மேலே எழும்பி, திரும்ப வந்து மூக்கில் அறைந்தது. எதிரே வந்த ஒரு டிராக்டர்காரர் வண்டியை ஓரம் கட்டி என்னைக் கடைசிவரை பார்த்துவிட்டுப் போனார்.

சேவுகம்பட்டியில் பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பந்தலின் நடுவே கோலமாவில் இரண்டு கோடுகள், நேராக, அழகாக இழுத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பெண் வீட்டார், மறு பக்கம் முழுக்க எங்கள் ஆட்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள், கைப்பிடியோடு கைப்பிடி இடிக்க. நடுவில் ஆறடி வெற்றிடம். யாராவது ஒருத்தர் ‘கபடி கபடி’ என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வரவேண்டியதுதான் பாக்கி.

கோட்டைப் போட்டவர் தவமணி. ஆறரை மணிக்கே எழுந்து அந்த வேலையைச் செய்திருக்கிறார். டேப் இல்லாததால், தெருவிலேயே உயரமான ஆளைத் தரையில் படுக்கவைத்து, தலைக்கு ஒரு கோடு காலுக்கு ஒரு கோடு போட்டதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஒரு விரல்கடை குறையாது, வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன், ரொம்ப நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பான். நான் இடைவெளி என்பது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் இல்லை, ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் என்று விளக்க ஆரம்பித்தேன். தகட்டுக்கும் இரண்டு மாஸ்க்குக்கும் பின்னாலிருந்து வந்த என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை என்ன சொல்றாரு என்று பின் வரிசையில் கேட்டார்கள். தண்ணி கேக்குறாரு என்று முன் வரிசையில் சொன்னார்கள். ஒரு சொம்பு தண்ணீர் வந்தது.

அடுத்து மாலை. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசி மாலை போடுவது பெண்ணின் தாய்மாமன் உரிமை. தவமணி வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார். நான் என் கையை நீட்டி, மஸ்கட்டில் கிரேனை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினேன். மாலையை அந்த நாற்காலியில் வைத்துவிட்டு நகருங்கள், நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அதுவரை கேட்காத என் குரல் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பந்தல் முழுக்க நன்றாகக் கேட்டது.

தவமணி என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நான் மாலைக்குச் சானிடைசர் அடித்துவிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். (அடித்தேன். மறைக்க விரும்பவில்லை.) எங்கள் பக்கம் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அங்கேயும் நிறுத்தவில்லை. நாற்காலிகளை நானே தூக்கி வைக்க ஆரம்பித்தேன். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்த தம்பதிகளைப் பிரித்துத் தூரத்தூரமாக உட்கார வைத்தேன். பந்தலில் இடம் தீர்ந்துபோனது. நாற்காலிகள் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தன. ஆறடிக்கு ஒன்றாகத் தெரு ஓரமாக நீண்டு, என் பெரியப்பாவின் நாற்காலி மாவு மில் வாசலில் போய் விழுந்தது. வெயிலில் கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். பெருமாள்சாமி மாமா மட்டும் என் பின்னாலேயே நாற்காலி தூக்கி வந்து, இங்க போதுங்களா மாப்ள, இன்னும் தள்ளட்டுங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மனசு குளிர்ந்தது. ஒரு ஊரையே திருத்திவிட்டேன் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில் மில் பக்கமிருந்து ஒரு அம்மா வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டைப் பை. பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். பிறகு இன்னும் இரண்டு பேர், பையோடு. பிறகு சைக்கிளில் ஒருத்தர், சாக்கோடு. நாற்காலி இல்லாதவர்கள் எனக்குக் கஷ்டமே கொடுக்காமல் ஆறடி விட்டு வரிசையாக நின்றார்கள். யாரும் சொல்லாமலே இவ்வளவு ஒழுங்காக நிற்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வருஷம் தெருவில் ஆறடிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நிவாரணம் கொடுக்கப்போகிறார்கள். உறையும் தகடும் போட்டுக்கொண்டு ஒருத்தன் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவன்தான் கொடுக்கிறவன். பத்து கிலோ அரிசி, கூடவே எண்ணெயும் உண்டு என்று அதற்குள் அடுத்த தெருவரைக்கும் போய்விட்டதாம். கால் மணி நேரத்தில் வரிசை மில்லைத் தாண்டி வளைந்து போயிருந்தது. எங்கள் ஆட்கள் எண்ணிக்கைக்குள்தான் இருந்தார்கள். ஆனால் பார்க்கிறவருக்கு அது ஒரு கட்சி மாநாடு.

பார்த்தவர் பேரூராட்சியின் சுகாதார ஆய்வாளர். நடுத்தர வயதுப் பெண்மணி, ஸ்கூட்டரில் வந்தார், களைத்துப்போயிருந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். அரிசி என்றது வரிசை. நிச்சயம் என்றார்கள் பந்தலில். யார் பொறுப்பு என்றார். எல்லாக் கையும் ஒன்றாக என்னைக் காட்டின. பெருமாள்சாமி மாமா நிலைமையைச் சமாளிக்கிற நல்லெண்ணத்தில் முன்னால் வந்தார்.

“எங்க மாப்ளதாங்க மேடம். மஸ்கட்ல இருந்து வந்திருக்காரு. அவருக்கு இந்த ரூல்சு அம்புட்டும் அத்துபடி.”

அந்த அம்மாவின் முகத்தில் களைப்பு போய்விட்டது. மஸ்கட்டிலிருந்தா, எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உறையைக் கழற்றி முத்திரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சானிடைசர் போட்டுப் போட்டு அது வெறும் ஊதா நிழலாகிவிட்டிருந்தது. அகரத்துக்குப் போன் செய்தார். அங்கே யாரோ ஒருவர் ஒரு பதிவேட்டைப் புரட்டும் நேரம்வரை, வெயிலில் நாங்கள் எல்லோரும், அரிசிக்கு வந்தவர்களும் சேர்ந்து நின்றோம்.

“நீங்க வந்த நாளக் கணக்குல சேர்க்கக் கூடாது தம்பி,” என்றார் போனை வைத்துவிட்டு. “மறுநாள்ல இருந்துதான் ஒன்னு. இன்னைக்குத்தான் உங்களுக்குப் பதினாலாவது நாள். நோட்டீஸ்லயே தேதி போட்டிருக்காம், பாக்கலயா?”

அப்பா திரும்பி வேறு பக்கம் பார்த்தார்.

அந்த இடத்தில் கோட்டைத் தாண்டினவர்கள், மாஸ்க்கைத் தாடையில் போட்டவர்கள், ஒட்டி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் சட்டப்படி அங்கே இருக்கவே கூடாத ஆள் ஒருத்தன்தான். அவன் கழுத்தில் ரோஜா மாலை போட்டிருந்தான்.

அடுத்துத்தான் பெரிய கேள்வி. இவரை யார் யார் தொட்டீர்கள், யார் பக்கத்தில் இருந்தீர்கள் என்று கேட்டார். தொட்டவர்கள் எல்லோரும் பதினாலு நாள் வீட்டில் அடைந்து கிடக்கவேண்டும். அப்போது தவமணி முன்னால் வந்தார். அவர் என்னைக் காப்பாற்ற வரவில்லை. மனசில் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டுவதற்கு ஒரு அதிகாரி கிடைத்தார், அவ்வளவுதான்.

“யாரத் தொட விட்டாரு?” என்றார். “தாய்மாமன் போடுற மாலையவே நாக்காலில வைக்கச் சொல்லி அவரே எடுத்துப் போட்டுக்கிட்டாரு மேடம். அதுக்கு மருந்து வேற அடிச்சாரு. வேன்ல சொந்தக்காரங்களோடகூட ஏறல, தனியா பைக்ல வந்தாரு. வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுக்கங்க.”

கேட்டார். ஆளாளுக்கு என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சாட்சியாகச் சொன்னார்கள். பெரியப்பா மாவு மில்லிலிருந்து நடந்து வந்து சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் அத்தனை பேரும் தப்பித்தார்கள், என்னைத் தவிர. என்னை வீட்டில் கொண்டுபோய் விட வண்டி வரும், அதுவரை அந்தப் புளியமரத்தடியில் போய்த் தனியாக நில்லுங்கள் என்றார். வரிசையில் நின்றவர்களிடம் அரிசி இல்லை என்று சொன்னார். அவர்கள் என்னை ஏமாற்றுக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டே கலைந்தார்கள்.

புளியமரம் பந்தலிலிருந்து நாற்பதடி இருக்கும். அங்கிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுவது மட்டும் தெரிந்தது. நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. தவமணி கையை வீசிப் பேசினார். பெருமாள்சாமி மாமா குனிந்து நின்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கு அதுவரை இருந்த கடுப்பெல்லாம் வடிந்து, பயம் வந்துவிட்டது. அபிராமியின் குரலை மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டு வந்தவன் நான். ஒரு மனுஷன் மாலையோடு வந்தபோது கையை நீட்டி நிறுத்தினேனே, கொஞ்சம் குனிந்திருந்தால் என்ன என்று அந்த மரத்தடியில்தான் முதல் தடவையாகத் தோன்றியது.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அம்மா பிறகு சொன்னாள். நிறுத்திவிடலாம், ஆடி கழியட்டும், யோசிப்போம் என்றாராம் தவமணி. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றாராம் பெருமாள்சாமி மாமா. அபிராமி உள்ளேயிருந்து வந்து, பதினாலை ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதானே, அதை நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்றாளாம். முதலில் சிரித்தது தவமணியின் மனைவி. பிறகு தவமணியால் விறைப்பாக நிற்க முடியவில்லை.

என் போன் அடித்தது. குடும்பக் குழுவின் வீடியோ அழைப்பு. அம்மா போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். தட்டு, வெற்றிலை, பழம், புடவை எல்லாம் ஆடி ஆடித் தெரிந்தன. அக்கா ஒரு கட்டத்தில், பிரபு அண்ணன் ஒரு கட்டத்தில், நான் ஒரு கட்டத்தில். ஏலே, நீ எங்கடா இருக்க, மாப்பிள்ளை உள்ள இல்லையா என்று அக்கா கேட்டாள். நான் வெளியே இருக்கிறேன் என்றேன். எந்த நாட்டில் என்று கேட்டார் பிரபு அண்ணன், முழு அக்கறையோடு. அவருக்குச் சிக்னல் சரியில்லை.

ஆக, ஆயிரம் மைலுக்கு மேல் பறந்து வந்து, ஏழு நாள் விடுதியிலும் பதின்மூன்று நாள் மாடியிலும் கிடந்து, என் நிச்சயதார்த்தத்தை நான் போனில்தான் பார்த்தேன். தட்டு மாற்றும் நேரத்தில் அம்மாவின் கட்டைவிரல் கேமராவை மூடிவிட்டது. நாற்பதடி தூரத்தில் கைதட்டும் சத்தம் நேராகக் கேட்டதால்தான் முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

அழைப்பு முடிந்ததும் இன்னொரு போன். அபிராமி.

“வாசல் கேட்டு பக்கத்துல நிக்கிறேன். தெரியுதா?” என்றாள்.

பார்த்தேன். பச்சைப் புடவை. போட்டோவில் இருந்ததைவிட உயரம். பக்கத்தில் தவமணி காவலுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றார். தெரியுது என்றேன்.

“எனக்கு ஒன்னும் தெரியல. அதையெல்லாம் கழட்டுங்க. நான் இன்னும் உங்க மூஞ்சிய நேர்ல பாக்கல.”

சுற்றிலும் பார்த்தேன். நாற்பதடிக்கு ஒரு ஈ காக்கை இல்லை. தகட்டைக் கழற்றினேன். முதல் மாஸ்க்கைக் கழற்றினேன். இரண்டாவதையும் கழற்றினேன். வேர்வையில் முகம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்க வேண்டும். மூக்கு, தகடு அறைந்ததில் சிவந்திருந்தது. நான் எதற்கோ கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

“சரி,” என்றாள். “போட்டுக்கங்க. வண்டி வருது.”

பட்டு வேட்டி, ரோஜா மாலையோடு நான் அந்தச் சுகாதார வண்டியில் ஏறியதைச் சேவுகம்பட்டியே வெளியே வந்து பார்த்தது. பைக்கை மறுநாள் பெரியப்பா எடுத்து வந்தார். எடுத்து வந்ததும் சாவியை மூன்றாம் படியில் வைத்துவிட்டு, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போனார். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. ஆவணியில் கல்யாணம். தவமணி மாலை போட வந்தபோது நான் எவ்வளவு குனிந்தேன் என்றால், மாலை கழுத்தில் நிற்காமல் தலைவழியாகத் தரைக்கு வந்துவிட்டது. இன்னொரு தடவை போட வேண்டியிருந்தது.

நாங்கள் இப்போது திண்டுக்கல்லிலேயே இருக்கிறோம். நான் திரும்ப மஸ்கட் போகவில்லை. பேருந்து நிலையத்தில் யார் முண்டியடித்து ஏறினாலும் எனக்கு வாய் திறக்காது. ஆனால் அபிராமி வீட்டு விசேஷங்களுக்குப் போகத்தான் இன்றைக்கும் தயக்கம். புதுச் சம்பந்தி யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், தவமணி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டு நிச்சயம் ஊரடங்கு காலத்தில் நடந்ததுங்க, ஆனாலும் குறைவில்லை, வெளிநாட்டில் இருந்தே மூன்று பேர் போனில் பார்த்தார்கள் என்பார். வந்தவர், அப்படிங்களா, எந்தெந்த ஊருங்க என்று கேட்பார். கேட்காமல் இருந்தவர் இதுவரை ஒருத்தரும் இல்லை.

தவமணி என் பக்கம் திரும்பாமலே விரல்விட்டு எண்ணுவார்.

“சிங்கப்பூரு, பர்மிங்காம், புளியமரம்.”